மேயர் சாப்பிட வந்த ஞாயிற்றுக்கிழமை

பயப்படுவதில் எனக்கு இணையான ஆளை நான் இன்னும் சந்திக்கவில்லை. தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் புறப்படும் முன் ஒரு ஹார்ன் அடிப்பார்கள் அல்லவா, அந்தச் சத்தம் கேட்டால் பிளாட்பாரத்தில் சும்மா நிற்கிற நான் நாலு எட்டு ஓடிவிட்டுத்தான் நிற்பேன். நான் போக வேண்டியது அந்த ரயிலே இல்லை என்பது ஓடிய பிறகுதான் ஞாபகம் வரும். இப்படிப்பட்ட ஒருவனுக்கு மனைவியின் ஒன்பதாம் மாதம், ஐப்பசி மழை, உடைந்த பாலம் மூன்றும் ஒன்றாக வாய்த்தன.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேலையூரைத் தாண்டி, கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே ஒதுங்கிய ஒரு காலனியில் குடியிருந்தோம். காலனிக்குள் நுழைய ஒரே வழி. அந்த வழியின் வாயில் ஏரிக்குப் போகும் மழைநீர் வாய்க்கால். அதன் மேல் ஒரு சின்னப் பாலம். நடுவில் ஒரு செங்கல் தூண், அதன் இருபுறமும் பலகைக் கற்கள், அவ்வளவுதான். வீடு கட்ட யாரோ வரவழைத்த செங்கல் லாரி ஒன்று போனபோது பாலம் 'போதுமப்பா' என்று உட்கார்ந்துவிட்டது. தூண் மட்டும் நின்றது. யாரோ புண்ணியவான் ஒரு மரப் பலகையைக் குறுக்கே போட்டார். நடக்கலாம். சைக்கிளை உருட்டலாம். என் மொபெட்டை நான் உருட்டுவேன், மற்றவர்கள் ஓட்டிக்கொண்டே போவார்கள். ஆட்டோ மட்டும் வராது.

முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது வழக்கம். என் மாமியார் வீடு இருந்ததும் அதே தெருவில்தான், எங்கள் வீட்டுக்கு நாலு வாசல் தள்ளி. ஆகவே தாய் வீட்டுக்குப் போனாலும் பாலத்துக்கு உள்ளேதான். தாம்பரத்து ஆஸ்பத்திரி பாலத்துக்கு வெளியே.

கேம்ப் ரோடு ஸ்டாண்டில் எனக்குப் பழக்கமான ஆட்டோக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய் முன்கூட்டியே பேசி வைத்தேன்.

"அந்தப் பள்ளத்துல எறக்குனா வண்டி ஏறாது சார். பாலம் வரிக்கும் வந்து நின்னுகினு கீறேன். அக்காவ நட்த்தி இட்டுனு வா."

"வலி வந்தப்புறம் பலகை மேல எப்படிப்பா நடப்பா?"

"அப்ப தூக்கிகினு வா. கண்ணாலம் கட்டிக்க சொல்லோ தெம்பாதான கீற?"

சிரித்து வைத்தேன்.

பாலத்தைச் சரிசெய்ய நாங்கள் முயலவில்லை என்று யாரும் நினைக்கக் கூடாது. மனு கொடுப்பதில் எங்கள் காலனியை மிஞ்ச ஆளில்லை. குடியிருப்போர் சங்கத் தலைவர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனு எழுதினால் அதில் வண்டி எண், புறப்படும் நேரம் தவிர எல்லாம் இருக்கும். பிரச்சினை வேறு இடத்தில் இருந்தது. வாய்க்காலின் நட்ட நடுவில், அந்தச் செங்கல் தூணின் மேலேதான் இரண்டு பேரூராட்சிகளின் எல்லை ஓடியது. மேற்கே ஓர் ஊர். கிழக்கே, நாங்கள் இருக்கும் பக்கம், இன்னோர் ஊர். உள்ளாட்சித் தேர்தல் நடந்து வருஷக்கணக்காகியிருந்த காலம். தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை, ஓட்டுக் கேட்டு வருகிறவர்கூட இல்லை. இரண்டு பக்கமும் அதிகாரிகள் மட்டும்.

மேற்கு அதிகாரி ஒல்லியானவர், கண்ணாடி போட்டவர். "பாலத்த யூஸ் பண்றது யாரு சார்? உங்க காலனி. உங்க காலனி எந்த லிமிட்டு? கிழக்கு. அங்க போய்க் கேளுங்க" என்றார்.

கிழக்கு அதிகாரி சஃபாரி உடுப்பில் நிரம்பி வழிகிறவர். "பாலம் எங்க ஆரம்பிக்குது? அவங்க ரோட்ல. ஆரம்பிச்சவங்கதான முடிக்கணும்?" என்றார்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயமாகத்தான் பட்டது. நியாயத்தின் மேல் ஆட்டோ ஓடாது என்பதுதான் சங்கடம்.

மாற்று ஏற்பாடு ஒன்று என் மூளையில் உதித்தது. பிரம்பு நாற்காலி. இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, முன்னால் இருவர் பின்னால் இருவர் தூக்கினால் பலகையைக் கடந்துவிடலாம். ஒத்திகை வேண்டுமே? என் மனைவியின் அப்போதைய எடைக்குச் சமமான ஆள் காலனியில் சங்கத் தலைவர்தான். நல்ல மனிதர், ஒப்புக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மாலை, தெருவே பார்த்திருக்க, நாங்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பலகை மேல் நடந்தோம். பாதியில் என் கால் நடுங்க, பலகை நடுங்க, நாற்காலி சாய, அவர் "ஐயோ, எறக்குங்கப்பா, வயித்த பெரட்டுது!" என்று அலறினார்.

பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்த எங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்த என் மனைவி, மெதுவாகச் சொன்னாள்: "ஏங்க, அவர ஜாக்கிரதையா பாத்துக்கங்க. எனக்கு முன்னாடி அவரு பெத்துடுவாரு போல இருக்கு."

ஒத்திகை அத்தோடு ரத்து. அன்றிலிருந்து மேகத்தைப் பார்ப்பதும் மனைவியின் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தேன். அவள் ஏப்பம் விட்டால்கூட நான் பையைத் தூக்கினேன்.

இனி மேயர். நான் அப்போது குமாஸ்தாவாக வேலை பார்த்தது ஒரு பயிற்சி நிலையத்தில். பல நாடுகளிலிருந்து சின்ன ஊர்களின் நிர்வாகத்தைப் பார்க்கிறவர்கள் வந்து சில வாரங்கள் தங்குவார்கள். வகுப்பு இருக்கும், சுற்றிப் பார்ப்பது இருக்கும், வயிற்றுப்போக்கும் இருக்கும். வந்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் ஊரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். அதை டைப் அடிப்பது என் வேலை. அந்த முறை பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு மேயர் வந்திருந்தார். குள்ளமாக, உருண்டையாக, எந்நேரமும் கையில் ஒரு மடக்குக் குடை. அவர் எழுதிக் கொடுத்ததை டைப் அடிக்கும்போது நான் இரண்டு இடத்தில் நின்றேன்.

ஒன்று, "எங்கள் ஊர் நாலாம் வகுப்பு ஊர்." பாவம், தாழ்வு மனப்பான்மை போலிருக்கிறது என்று நினைத்து, அந்த வரியை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அங்கே ஊர்களை வருமானத்தை வைத்து வகுப்புப் பிரிப்பார்களாம். முதல் வகுப்பு பணக்கார ஊர். அப்படியே படிப்படியாகக் கீழே. "எங்களுக்குக் கீழேயும் ஊர் உண்டு" என்றார், ஏதோ பரிசு வாங்கியவர் மாதிரி.

இன்னொன்று, ஊரின் உடம்பு. ஊர் என்றால் அங்கே ஒரே கட்டியாக இல்லை. பரங்கய் என்ற சின்னச் சின்னத் துண்டுகள், நம் வார்டு மாதிரி, ஆனால் வார்டைவிட உயிருள்ளவை. ஒவ்வொன்றுக்கும் ஒரு தலைவர், அவரோடு ஏழு உறுப்பினர்கள், இளைஞர்களுக்கென்று தனியாக ஒரு பிரதிநிதி. எல்லாரும் ஓட்டு வாங்கி வந்தவர்கள். பக்கத்து வீட்டுச் சேவல் இந்த வீட்டு நெல்லைத் தின்றது, இந்த வீட்டுச் சாக்கடை அந்த வீட்டுக்குள் போனது என்று வழக்கு வந்தால் நேராகக் கோர்ட்டுக்குப் போக முடியாது. முதலில் பரங்கய் தலைவர் முன்னால் இரு தரப்பும் உட்கார்ந்து பேசியாக வேண்டும். அதற்கெல்லாம் மேலே மேயர், துணை மேயர், எட்டு பேர் கொண்ட சபை. மூன்று வருஷத்துக்கு ஒரு தேர்தல். தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் மேயராக இருக்க முடியாது.

"மேயர்னா என்ன வேலை சார் இருக்கும்?" என்று கேட்டேன்.

"கல்யாணத்துக்குப் போகணும், சாவுக்குப் போகணும், ஞானஸ்நானத்துக்குப் போகணும். நடுவுல டயம் கெடச்சா ஆபீஸுக்கும் போகணும்" என்றார். அங்கே கல்யாணத்தில் மேயரை ஞானத் தகப்பனாக நிற்கச் சொல்வார்களாம். மாட்டேன் என்றால் அந்தக் குடும்பத்தின் ஓட்டு போச்சு. அவருக்கு ஞானப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அவருக்கே தெரியாது. "தெருவுல யாராவது என் கைய எடுத்து நெத்தியில வெச்சிக்கிட்டா, நான்தான் ஞானத் தகப்பன்னு புரிஞ்சிக்குவேன்" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். நான் என் காதில் விழுந்தபடி எழுதுகிறேன்.

மனிதர் மேல் எனக்குப் பிரியம் வந்துவிட்டது. மெஸ் சாப்பாட்டில் நாக்குச் செத்துவிட்டது என்று அவர் சொன்னதும், வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள் என்றேன். அன்று மாலை சங்கத் தலைவரிடம் பேச்சுவாக்கில், "ஞாயித்துக்கிழம பிலிப்பைன்ஸ் மேயர் ஒருத்தர் நம்ம வீட்டுக்கு வர்றார் சார்" என்றேன். நான் செய்தது இவ்வளவுதான். சாமி சத்தியமாக இவ்வளவுதான்.

தலைவரின் கண்ணில் பச்சை விளக்கு எரிந்தது.

மறுநாள் இரண்டு பேரூராட்சிக்கும் அழைப்பு போய்விட்டது: 'பிலிப்பைன்ஸ் நாட்டு மேயர் அவர்கள் நம் பகுதியின் உள்ளாட்சிப் பணிகளைப் பார்வையிட வருகை தருகிறார்.' பிரதியைக் காட்டினார்.

"சார், அவர் கறிக்கொழம்பு சாப்பிட வர்றாரு சார்!"

"சாப்பிடட்டும். பாத்துக்கிட்டே சாப்பிடட்டும்."

"ஆபீஸ்ல தெரிஞ்சா என் வேலை போயிடும்."

"பாலம் வந்துடும்ல? ஒம் பொண்டாட்டி ஆஸ்பத்திரி போவணுமா வேணாமா? நாற்காலியில இன்னொரு தபா என்னால ஒக்கார முடியாது."



பெரிய மனிதர் வருகிறார் என்றால் நம் ஊரில் என்ன நடக்கும் என்று சொல்லவே வேண்டாம். புதன்கிழமை தெருவின் இருபுறமும் பிளீச்சிங் பவுடர் கோடு. வியாழக்கிழமை, ஆறு மாதமாகக் கண் மூடியிருந்த தெருவிளக்கு பட்டப்பகலில் எரிந்தது. வெள்ளிக்கிழமை நடந்ததுதான் அதிசயம். 'பாலம் அவர்களுடையது' என்று சொன்ன மேற்கு அதிகாரி ஆட்களோடு வந்து இறங்கினார். தூண்வரைக்கும் கருங்கல் பலகைகளைப் பாவி, சிமென்ட் பூசி, தன் பேரூராட்சிப் பெயரைச் சிவப்பு எழுத்தில் எழுதிய தகரப் பலகை ஒன்றையும் நட்டார்.

செய்தி கிழக்கே பாய்ந்தது. சனிக்கிழமை சாயங்காலம் கிழக்கு அதிகாரி லாரியோடு வந்தார். "அதெப்படி சார் அவங்க போர்டு வெப்பாங்க? பாலம் எங்க லிமிட்டு!" என்று கத்தினார். சாக்கடை மூட வைத்திருந்த சிமென்ட் பலகைகளை அக்கரையிலேயே இறக்கி, ஆட்களைச் சுமக்க வைத்து எங்கள் பக்கத்துக் கரையில் அடுக்கினார். ஆனால் போடவில்லை. மேயர் முன்னிலையில் தேங்காய் உடைத்துத்தான் போடுவாராம்.

பாதிப் பாலம் வந்துவிட்டது. மீதிப் பாதி அடுக்கி வைத்திருக்கிறது. வானம் கறுத்துக்கொண்டு வந்தது. என் மனைவிக்கு அன்று இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு. "ஒண்ணுமில்லங்க, வாயு" என்றாள். எனக்குத் தூக்கம் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை. பாலத்தருகே ஷாமியானா, மைக் செட், மேசை விரிப்பு, ரோஜா மாலை, பொன்னாடை. இரண்டு அதிகாரிகளும் இரண்டு கரையில், ஒருவரையொருவர் பார்க்காமல். சிவப்பு விளக்கு வைத்த கார் வரும் என்று எல்லாரும் கேம்ப் ரோட்டுப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்க, என் மொபெட்டில் பின்னால் உட்கார்ந்து, ரப்பர் செருப்பும் பூப்போட்ட சட்டையும் தொப்பியுமாக, மடியில் குடையோடு மேயர் வந்து சேர்ந்தார்.

மேளக்காரர் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் ஒரு தட்டு தட்டி நிறுத்தினார்.

"இவரா?" என்றார் கிழக்கு அதிகாரி என் காதில்.

"எளிமையானவர் சார்" என்றேன்.

மாலை, பொன்னாடை எல்லாம் விழுந்தது. வழியெல்லாம் "சாப்பாடு மட்டும்தானே?" என்று கேட்டுக்கொண்டு வந்த மனிதர், ஒரு கேள்வியும் கேட்காமல் கழுத்தை நீட்டினார். பழக்கம் போலிருக்கிறது. மைக் கையில் வந்ததும் அவர் பேசத் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்று தமிழ்ப்படுத்த வேண்டும்.

"எங்கள் ஊர் ரொம்பச் சின்னது" என்றார்.

கிழக்கு அதிகாரியின் முகத்தைப் பார்த்தேன். அடுக்கி வைத்த பலகைகளைப் பார்த்தேன். "அவங்க ஊர் கடலோரத்துல ரொம்ப அழகான ஊர்னு சொல்றார்" என்றேன்.

"தேங்காயும் கருவாடும்தான் எங்கள் தொழில்."

"ஏற்றுமதி அமோகமா நடக்குதாம்."

"போன புயலில் என் ஆபீஸ் கூரை பறந்துவிட்டது. மூன்று மாதம் மார்க்கெட்டில், மீன் விற்கிற மேடையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன்."

"புதுசா மாளிகை மாதிரி ஒரு ஆபீஸ்…" என்று தொடங்கினேன்.

"சார்!" என்றார் கிழக்கு அதிகாரி. "எனக்கும் இங்கிலீஷ் தெரியும். அவரு மீன் மார்க்கெட்டுங்கறாரு, நீங்க மாளிகைங்கறீங்க. இன்னா சார் வெளயாட்டு இது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. மேற்குக் கரையில் ஒல்லி அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். அதுதான் வினை. கிழக்கு அதிகாரியின் முகம் சிவந்தது. "எங்க பேரூராட்சியில பாதி கூட இருக்காது இவங்க ஊரு. இதுக்குப் போய் லாரி வெச்சுக் கொண்டாந்தேன் பாரு" என்றார். பிறகு ஆட்களைப் பார்த்து, "எல்லாத்தையும் ஏத்துங்கப்பா திரும்ப!" என்றார்.

இரண்டு ஆட்கள் ஒரு பலகையைத் தூக்கிப்போய், அக்கரையில் நின்ற லாரியில் வைத்தார்கள். இன்னொன்றைத் தூக்கினார்கள். என் பாதிப் பாலம் என் கண்ணெதிரே லாரி ஏறிக்கொண்டிருந்தது. ஏற்றிவிட்டது என் மொழிபெயர்ப்பு. உண்மையை அப்படியே சொல்லியிருந்தால்கூட இவ்வளவு மோசமாயிருக்காது.

மேயர் என் கையைப் பிடித்து இழுத்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். எனக்கு அழுகை வராத குறை. பாலம், தூண், இரண்டு எல்லை, மனைவி, மாமியார் வீடு, நாற்காலி, தலைவருக்கு வயிற்றைப் புரட்டியது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். நாற்காலி வரும் இடத்தில் அவர் சிரித்துவிட்டார். பிறகு தூணை எட்டிப் பார்த்து, "இரண்டு பரங்கய்க்கு நடுவில் பாலம். எங்கள் ஊரிலும் இதே வியாதி" என்றார்.

அடுத்து அவர் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. பொன்னாடையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, போய் மிச்சப் பலகைகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். ஆட்கள் தயங்கினார்கள். விருந்தாளியை எழுப்பிவிட்டா பலகையைத் தூக்குவது?

கிழக்கு அதிகாரியைப் பார்த்துத் தன் பக்கத்தில் தட்டினார், உட்காருங்கள் என்று. அவர் உட்காரவில்லை.

"உங்கள் ஊரில் தெருவிளக்கு எத்தனை?"

அதிகாரி விறைப்பாக ஓர் எண்ணைச் சொன்னார்.

"எத்தனை எரிகிறது?"

வந்துவிட்டது சண்டை என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"என்னிடம் இருப்பதில் பாதி எரியாது" என்றார் மேயரே முந்திக்கொண்டு. "பல்பு வாங்கினால் கம்பம் இல்லை. கம்பம் வந்தால் பல்பைத் திருடிவிடுகிறார்கள். திருடியவன் என் ஞானப் பிள்ளை. போலீஸுக்கும் சொல்ல முடியாது."

கிழக்கு அதிகாரியின் மீசை அசைந்தது. "இங்க பல்பு இல்ல சார், ஃபியூஸ் கேரியரையே உருவிக்கினு போயிடறான்" என்றார். ஆங்கிலத்தில் தொடங்கியது, 'ஃபியூஸ் கேரியர்' தாண்டியதும் தமிழுக்கு வந்துவிட்டது. நான் மொழிபெயர்த்தேன், இந்த முறை உள்ளது உள்ளபடி.

"மேலேயிருந்து பணம் எப்போது வரும்?"

"மார்ச்சு மாசம் கடைசியில வரும். அதே வாரத்துல செலவு பண்ணலன்னா திருப்பி அனுப்பணும்."

மேயர் தொடையில் தட்டிச் சிரித்தார். அவர் ஊரிலும் அப்படித்தானாம். கிழக்கு அதிகாரி தன்னையறியாமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மேற்குக் கரையில் நின்ற ஒல்லி அதிகாரிக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுக் கருங்கல் பாதிவரை நடந்து, அப்புறம் பழைய மரப் பலகையில் தொற்றி இந்தப் பக்கம் வந்து, "நாய் புடிக்கற வண்டி உங்க ஊர்ல உண்டா சார்?" என்று கேட்டார். கிழக்கு அதிகாரி கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டார். வேண்டுமென்று விட்டாரா, பலகை சுட்டதா, தெரியாது.

நாய், கொசு, குடிதண்ணீர் லாரி, ஆக்கிரமிப்பு, அநாமதேயக் கடிதம் என்று பேச்சு போயிற்று. கேட்கக் கேட்க எனக்கு ஒன்று விளங்கியது. அந்த இரண்டு பேரிடமும் இத்தனை வருஷமாக ஊரார் 'ஏன் செய்யவில்லை' என்று கேட்டிருக்கிறோம். 'எப்படிச் செய்கிறீர்கள்' என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. நானும் கேட்டதில்லை.

மணி ஒன்றரை. என் மனைவி கேட்டருகே வந்து நின்றாள். "ஏங்க, அம்மா கேக்கறாங்க, கொழம்பு ஆறிப்போவுதாம். ஊர் நாய் எல்லாத்தையும் எண்ணி முடிச்சாச்சா?"

மேயர் அவள் வயிற்றைப் பார்த்தார். உடனே எழுந்து தொப்பியைக் கழற்றினார். பிறகு இரண்டு அதிகாரிகளின் தோளிலும் ஒரு கை போட்டு, "எங்கள் ஊரில் எல்லைச் சண்டை வந்தால் நான் ஆபீஸில் வைத்துப் பேச மாட்டேன். இரண்டு தலைவர்களையும் சண்டை நடக்கிற இடத்துக்கே கூப்பிட்டுச் சோறு போடுவேன். அடுத்தவர் சாப்பிட்டு முடிக்கும் முன் எழுந்திருப்பது எங்களில் மரியாதை இல்லை. ஆகவே பேசி முடிகிற வரைக்கும் நான் சாப்பிட்டுக்கொண்டே இருப்பேன். என் உடம்பைப் பார்த்தாலே தெரியும், எவ்வளவு எல்லைத் தகராறு என்று" என்றார்.

எங்கள் வீட்டு முன்கூடத்தில் இலை போட்டோம். கறிக்குழம்போடு, மேயரின் ஊர்த் தொழிலைக் கேள்விப்பட்ட என் மாமியார், கொத்தவரங்காய் போட்டுக் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தார். மூடியைத் திறந்ததும் மேயர் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "என் ஆபீஸ் வாசனை" என்றார். நம்மைப் போலவே கையால் பிசைந்து சாப்பிட்டார். ஒல்லி அதிகாரி சைவம். அவர் இலை கொஞ்சம் தள்ளிப் போடப்பட்டது. அங்கிருந்தபடியே தயிர்சாதத்தை மெதுவாக, மிக மெதுவாகச் சாப்பிட்டார். அவர் எழுந்தால்தான் மற்றவர் எழலாம். மேயரோ மூன்றாம் முறை குழம்பு வாங்கினார்.

கிழக்கு அதிகாரி வாசலைப் பார்த்தார். லாரி ஆட்களுக்கும் அங்கேயே சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கடைசியில் பெருமூச்சு விட்டு, "ஏத்தி எறக்கறதுக்கு ரெண்டு கூலி எவன் குடுப்பான்? போட்டுட்டே போறோம்" என்றார். பிறகு ஒல்லி அதிகாரியிடம், "ஆனா அந்த போர்டு?" என்றார்.

"எடுத்துடறேன்" என்றார் அவர், தயிரை வழித்துக்கொண்டே.

சாயங்காலம் மழை வருமுன் வேலை முடிந்தது. தேங்காயை யார் உடைப்பது என்று மறுபடி ஒரு பேச்சு வந்தது. மேயர் அதை வாங்கி, குலுக்கிப் பார்த்து, தூணின் மேல் ஒரே தட்டில் உடைத்தார். தேங்காய் ஊர்க்காரர் இல்லையா? பாராட்டினார்கள்.

ஒரு குறை. மேற்கே கருங்கல், கிழக்கே சிமென்ட். இரண்டும் சேரும் இடத்தில் கருங்கல் ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது. "சரி பண்ணிடலாம்" என்றார்கள் இருவரும், ஒருவரையொருவர் பார்த்து.

நாலாம் நாள் பிற்பகல், கொட்டுகிற மழையில், என் மனைவி என்னைக் கூப்பிட்டு அமைதியாகச் சொன்னாள்: "இப்ப வாயு இல்லங்க."

குடையில்லாமல் கேம்ப் ரோட்டுக்கு ஓடினேன். ஆட்டோக்காரர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கே வண்டியைக் கொண்டுவந்தார். மனைவியும் மாமியாரும் பின்னால், நான் டிரைவர் சீட்டின் ஓரத்தில். பாலம் நெருங்கியதும் என் மூளை வழக்கம்போல வேலை செய்தது. புதுப் பாலம், மழை வேறு, இத்தனை கனம் தாங்குமா? "நிறுத்துப்பா, நான் எறங்கி நடக்கறேன். வெயிட்டு கொறையும்!" என்று குதித்தேன். முன்னால் ஓடிப் போய்த் தூணருகே நின்று, போக்குவரத்துப் போலீஸ் மாதிரி கையை ஆட்டி, "வா, வா, மெதுவா, மெதுவா" என்றேன்.

வண்டி வந்தது. அந்த ஓர் அங்குல மேட்டில் ஏறித் தடக்கென்று ஒரு குலுக்கல். உள்ளேயிருந்து மனைவியின் "அம்மா!" என்ற குரல். ஆட்டோக்காரர் மிரண்டுபோய் முறுக்கினார் பாருங்கள், வண்டி கேம்ப் ரோட்டில் திரும்பி மறைந்தேவிட்டது. நான் கையைத் தூக்கியபடி பாலத்தில் நின்றேன். நல்ல உறுதியான பாலம். அசையவே இல்லை.

பஸ் பிடித்து, நனைந்த கோழியாக ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டோக்காரர் வாசலில் நின்றிருந்தார்.

"இன்னா சார் நீ? ஏறிகினியான்னு திரும்பிப் பாத்தா, பாலத்துல சல்யூட் அடிச்சுகினு நிக்கற. பேஜார் புடிச்ச ஆளு சார். போ, உள்ள போ. பொண்ணு."

மேயர் ஊருக்குப் புறப்படுமுன் குழந்தையைப் பார்க்க வந்தார். எனக்கு இன்னும் குழந்தையைத் தூக்கத் தெரியவில்லை. அவர் ஒரு கையால் தலையைத் தாங்கி, மறு கையால் அணைத்து, ஓட்டுக் கேட்கப் போன ஆயிரம் வீட்டில் தூக்கிய அனுபவத்தோடு வாங்கிக்கொண்டார். அவள் அழவில்லை. போகும் வழியில் பாலத்தின் நடுவே ஒரு கால் கருங்கல்லிலும் ஒரு கால் சிமென்டிலுமாக நின்று, குடையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சில வருஷம் கழித்து, ஒருவழியாக உள்ளாட்சித் தேர்தல் வந்தது. இரண்டு ஊருக்கும் தலைவர்கள் கிடைத்தார்கள். சங்கத் தலைவர் உற்சாகமாக மனு எழுதினார், அந்த ஓர் அங்குலத்தைச் சமன்படுத்தித் தருமாறு. மேற்கே, "எங்க கல்லு சரியாத்தான் இருக்கு, அவங்க பக்கம் பள்ளம்" என்றார்கள். கிழக்கே, "எங்க பலகை சரியாத்தான் இருக்கு, அவங்க பக்கம் மேடு" என்றார்கள்.

"விட்டுடுங்க சார்" என்றாள் என் மனைவி தலைவரிடம். "அந்த மேடுதான் எனக்குப் பிரசவம் பாத்தது."

எங்கள் மகள் அப்போது பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். பாலத்துக்கு வந்ததும் என் கையை உதறிவிட்டு, மேட்டிலிருந்து பள்ளத்துக்கும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கும் இரண்டு காலையும் சேர்த்துக் குதிப்பாள். விழுந்துவிடப் போகிறாளே என்று நான் ஒவ்வொரு தடவையும் கையை நீட்டிக்கொண்டு நிற்பேன்.